நோயையே நோன்பாக்கிய பாஸ்கல்

தோற்றுவாய்

இயற்பியல் ஆய்வுக்கூடத்துள் நுழையும் எவருக்கும் பாஸ்கல் என்னும் பெயர் புதியதன்று. அழுத்தத்தின் அலகு அவர் பெயரால் வழங்குகிறது. அடைத்து வைத்த நீர்மத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்ற அவருடைய விதியை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். கணித மாணவர்கள் ஈருறுப்புக் கெழுக்களைப் பாஸ்கல் முக்கோணத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். 1970ஆம் ஆண்டில் உருவான ஒரு கணிப்பொறி மொழிக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். இத்தனை இடங்களில் பெயர் பொறித்த அந்த மனிதர் முப்பத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்தார் என்பதும், அவற்றுள் பின்னைய இருபத்தோர் ஆண்டுகளில் வலியில்லாத நாள் ஒன்றைக்கூட அவர் கண்டதில்லை என்பதும் நம்மில் பலர் அறியாதவை.

பிணியோடு பிறந்து பிணியோடு வளர்ந்து பிணியோடே மறைந்தவர் பாஸ்கல். அவர் இறைவனிடம் நலம் வேண்டி மன்றாடியிருந்தால் அதில் வியப்பில்லை. ஆனால் அவர் வேண்டியது வேறொன்று. அது யாது என்பதையும், அந்த வேண்டுதலுக்கு அவர் எவ்வாறு வந்து சேர்ந்தார் என்பதையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாயில்லாப் பிள்ளை

பிளேய்ஸ் பாஸ்கல் 1623ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் பிரான்சு நாட்டின் நடுப்பகுதியில் உள்ள கிளேர்மான் நகரில் பிறந்தார். தந்தையார் எத்தியேன் பாஸ்கல், வரித்துறை வழக்குமன்றத்தில் உயர் பதவி வகித்தவர். கணிதத்தில் ஆழ்ந்த புலமையுடையவர். தாயார் 1626இல் காலமானபோது பாஸ்கலுக்கு வயது மூன்று. அக்காள் ஜில்பெர்த், தங்கை ஜாக்குலின் ஆகிய இருவரோடு தந்தையின் அரவணைப்பில் அவர் வளர்ந்தார். அந்தத் தந்தை மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகளைப் பிறர் கையில் ஒப்படைக்கவும் இல்லை.

கைக்குழந்தைப் பருவத்திலேயே பாஸ்கலுக்குக் கடும் நோய் கண்டது. உடல் மெலிந்தது. தண்ணீரைக் கண்டாலே வீறிட்டு அழுதது குழந்தை. யாரோ ஒரு கிழவி வைத்த சூனியம் என்று அக்காலத்து வழக்கப்படி வீட்டார் நம்பினார்கள் என்று குடும்பத்தில் ஒரு கதை வழங்கி வந்தது. குழந்தை பிழைத்தது, ஆனால் உடல் வலுப்பெறவே இல்லை.

1631இல் குடும்பம் பாரிசு நகருக்குக் குடிபெயர்ந்தது. மகனுக்குத் தந்தையே ஆசிரியரானார். முதலில் மொழிகள், பிறகே கணிதம் என்பது அவருடைய திட்டம். கணிதத்தின் சுவை மனத்தைப் பிடித்துக்கொண்டால் இலத்தீனும் கிரேக்கமும் பின்தங்கிவிடும் என்று அஞ்சிக் கணித நூல்களையெல்லாம் அவர் பூட்டி வைத்தார். பூட்டிய அறைக்குள் என்ன இருக்கிறது என்று அறியத் துடிக்காத பிள்ளை உண்டோ! சிறுவன் கரித்துண்டால் தரையில் வட்டங்களும் கோடுகளும் வரைந்து, தானே பெயர்கள் வைத்து, தானே மெய்ப்பித்துக்கொண்டே போனான். பன்னிரண்டு வயதில் ஒரு நாள், முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரு செங்கோணங்களுக்குச் சமம் என்ற முடிவை நோக்கி அவன் போய்க்கொண்டிருந்தபோது தந்தை பார்த்துவிட்டார். மகனிடம் ஒன்றும் பேசாமல் நண்பர் வீட்டுக்குப் போய்க் கண்ணீர் விட்டார். அது மகிழ்ச்சிக் கண்ணீர். அன்றே யூக்ளிடின் நூல் சிறுவனின் கைக்கு வந்தது. இச்செய்திகளை அக்காள் ஜில்பெர்த் தாம் எழுதிய தம்பியின் வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

பொறியும் பிணியும்

தந்தைக்கு ரூவான் நகரில் வரி வசூல் ஆணையர் பதவி கிடைத்தது. இரவு வெகுநேரம்வரை கூட்டலும் கழித்தலுமாகக் கண்விழித்த தந்தையைக் கண்டு மகன் மனம் இளகினான். கணக்கிடும் வேலையை ஒரு பொறியே செய்தால் என்ன என்று 1642இல் அவர் எண்ணத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அதற்கு முன்பே, 1640இல், கூம்பு வளைவுகளைப் பற்றி ஒரே தாளில் அவர் அச்சிட்ட ஆய்வு அறிஞர் உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்திருந்தது.

பற்சக்கரங்களாலான அந்தப் பொறி எளிதில் அமையவில்லை. மரத்திலும் உலோகத்திலும் ஐம்பதுக்குக் குறையாத மாதிரிகள் செய்து செய்து கலைத்தார். கைவினைஞர்களோடு ஓயாமல் போராடினார். 1645இல் பொறி உலகுக்கு அறிமுகமாயிற்று. இன்று நம் சட்டைப் பையில் கிடக்கும் கணக்கிடும் கருவியின் முப்பாட்டன் அதுவே.

அந்த உழைப்புக் காலத்தில்தான் நோய் நிலையாகக் குடியேறியது. பதினெட்டு வயது முதல் தம் தம்பி ஒரு நாள்கூட வலியின்றி இருந்ததில்லை என்று ஜில்பெர்த் எழுதுகிறார். அது என்ன நோய் என்று அன்றைய மருத்துவர்களால் கூற இயலவில்லை. இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் எழுதிய குறிப்புகளை வைத்துப் பிற்கால மருத்துவர்கள் குடல் காசம் என்றும் வயிற்றுப் புற்று என்றும் பலவாறு கூறினார்கள். இறுதி முடிவு ஏதும் இல்லை. பெயர் தெரியாத நோய்க்கு ஆட்படுவது எவ்வளவு கொடுமை என்பதைப் பட்டவர்களே அறிவர்.

பனியில் வழுக்கிய கால்

பாஸ்கல் குடும்பத்தார் கோவிலுக்குச் செல்லும் நல்ல கத்தோலிக்கக் கிறித்தவர்களே. ஆயினும் சமயம் அவர்கள் வாழ்வின் ஒரு பகுதியாக மட்டுமே இருந்தது. 1646 சனவரியில் தந்தை பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பில் அடிபட்டார். எலும்பு கட்டுவதில் கைதேர்ந்த சகோதரர் இருவர் வந்து மூன்று மாதங்கள் அவ்வீட்டிலேயே தங்கி மருத்துவம் பார்த்தனர். அவர்கள் ஜான்சனியர் என்று பின்னர் அழைக்கப்பட்ட கடும் ஒழுக்கமுடைய கிறித்தவக் குழுவோடு தொடர்புடையவர்கள். மனிதன் தன் முயற்சியால் மட்டும் நல்லவனாக முடியாது, இறையருள் ஒன்றே அவனை மீட்கும் என்பது அக்குழுவின் உறுதியான கொள்கை. அவர்கள் கொடுத்த நூல்களை முதலில் படித்தவர் இருபத்திரண்டு வயதுப் பாஸ்கல். பிறகு தங்கை, தந்தை, அக்காள் என வீடு முழுவதும் அவ்வழியில் திரும்பியது. தந்தையின் கால் குணமாயிற்று. மகனின் உள்ளத்தில் ஒரு விதை விழுந்தது.

வெற்றிடமும் வெந்நீரும்

1647ஆம் ஆண்டில் நோய் முற்றியது. தலைவலி தாங்க முடியாததாயிற்று. வயிற்றில் எரிச்சல். தண்ணீர் குளிர்ந்திருந்தால் தொண்டையில் இறங்காது. சுடவைத்து, அதையும் துளித்துளியாகவே விழுங்க வேண்டும். மருத்துவர்களோ மூன்று மாதம் ஒருநாள் விட்டு ஒருநாள் பேதி மருந்து கொடுத்தார்கள். அந்தக் கசப்பு மருந்தையும் சூடாக்கித் துளித்துளியாகக் குடிப்பதைக் கண்டவர்களுக்குக் குமட்டல் வந்தது. குடித்தவரோ ஒரு முறையும் முகம் சுளிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே உணர்வு குன்றிச் சில காலம் கக்கத்தில் கோல் ஊன்றியே நடந்தார். கைகால்கள் சில்லிட்டுக் கிடந்ததால் பிராந்தியில் நனைத்த காலுறைகளை அணிவித்துச் சூடேற்றினார்கள்.

அவ்வாண்டு செப்டம்பரில் மெய்யியல் மேதை டேக்கார்ட் அவரைக் காண வந்தார். முதல் நாள் விவாதம் வெற்றிடத்தைப் பற்றி. இயற்கையில் வெற்றிடம் உண்டு என்றார் பாஸ்கல். இல்லை என்றார் டேக்கார்ட். மறுநாள் மீண்டும் வந்த டேக்கார்ட் நோயாளியின் அருகில் அமர்ந்து, சலிப்புத் தட்டும்வரை படுக்கையிலேயே கிடக்கும்படியும் நல்ல சாறு வகைகளை அருந்தும்படியும் அறிவுரை கூறினார். கொள்கையில் மாறுபட்டோர் நோய்ப் படுக்கையருகே காட்டிய இந்தப் பரிவு நினைத்து மகிழத்தக்கது.

படுக்கையில் கிடக்கும் ஆளா பாஸ்கல்! இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் பாதரசக் குழாய்ச் சோதனையை அவர் ஏற்கெனவே பலவாறு செய்து பார்த்திருந்தார். குழாயில் பாதரசத்தைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் எடையே என்றால், மலையுச்சியில் காற்று குறைவாகையால் பாதரச மட்டம் இறங்கியாக வேண்டும். பாரிசில் நோயாளியாக இருந்த பாஸ்கல், கிளேர்மானில் இருந்த தம் அத்தான் புளோரின் பெரியேவுக்கு இதனை விளக்கிக் கடிதம் எழுதினார். 1648 செப்டம்பர் 19ஆம் நாள் பெரியே சில ஊர்ப் பெரியவர்களைச் சாட்சிகளாக அழைத்துக்கொண்டு புய் தே தோம் என்னும் மலைமீது ஏறினார். அடிவாரத்துத் துறவி மடத்தின் தோட்டத்தில் ஒரு குழாயைக் காவலுக்கு ஆள் வைத்து நிறுத்திவிட்டு, இன்னொன்றை உச்சிக்குக் கொண்டு சென்றார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்கும் மேல் இறங்கி நின்றது. அடிவாரக் குழாயிலோ மட்டம் நாள் முழுவதும் அசையவில்லை. காற்றுக்கு எடை உண்டு என்பது ஐயமற நிறுவப்பட்டது. சோதனையைத் திட்டமிட்ட மூளை, வெந்நீரைத் துளித்துளியாக விழுங்கிக்கொண்டிருந்த உடலுக்குள் இருந்தது!

தங்கையின் துறவு

மூளைக்கு ஓய்வு கொடுங்கள், நண்பர்களோடு பொழுதுபோக்குங்கள் என்பது மருத்துவர் கட்டளை. சமய ஆர்வம் சற்றே தணிய, செல்வர் கூட்டத்தில் பாஸ்கல் பழகலானார். 1651 செப்டம்பரில் தந்தை இறந்தார். ஜாக்குலின் போர்ட் ராயல் மடத்தில் துறவியாக விரும்பினார். கவிதை புனையும் ஆற்றலும் கூர்த்த அறிவும் படைத்த தங்கை, நோயுற்ற அண்ணனுக்குத் தாயும் தாதியுமாய் இருந்தவர். அவரை இழக்க அண்ணனுக்கு மனமில்லை. ஆனாலும் 1652 சனவரியில் தங்கை மடம் புகுந்தார். தம் பங்குச் சொத்தை மடத்துக்கு அளிக்க அவர் விரும்பியபோது அண்ணன் தடை கூறினார். தங்கை மிகவும் மனம் நொந்தார். பிறகு அண்ணன் இணங்கினார் என்றாலும், பெருமகனாரின் வாழ்வில் இது ஒரு கறையே. வரலாறு எழுதுவோர் இதனை மறைப்பது முறையன்று. நோயாளியின் தன்னலமும் தன்னலமே. அதனைப் பிற்காலத்தில் அவரே உணர்ந்து வருந்தினார்.

ஓர் இரவு

1654ஆம் ஆண்டு பாஸ்கலின் வாழ்வில் திருப்புமுனை. அவ்வாண்டில்தான் பெர்மா என்னும் கணித மேதையோடு கடிதம் வழியாகச் சூதாட்டக் கணக்கொன்றை ஆராய்ந்து நிகழ்தகவுக் கணிதத்துக்கு அடிக்கல் நாட்டினார். எண் முக்கோணத்தைப் பற்றிய நூலையும் அப்போதே எழுதினார். (இம்முக்கோணத்தைப் பத்தாம் நூற்றாண்டிலேயே நம் நாட்டு ஹலாயுதர், பிங்கலரின் யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் மேரு என்னும் பெயரால் விளக்கியிருக்கிறார் என்பதைக் கணித மாணவர்கள் நினைவிற்கொள்க.) புகழ் உச்சியில் இருந்தது. உள்ளமோ வறண்டு கிடந்தது. உலகின்மீது வெறுப்பு, ஆயினும் கடவுள்பால் ஈர்ப்பும் இல்லை. இந்த இரண்டுங்கெட்ட நிலையைத் தங்கையிடம் மடத்துக்குச் சென்று அடிக்கடி சொல்லிப் புலம்பினார். சொத்துக்காக யாரோடு சண்டையிட்டாரோ, அந்தத் தங்கையே இப்போது அவருக்குப் புகலிடம்.

நவம்பர் 23ஆம் நாள், திங்கட்கிழமை. இரவு பத்தரை மணி முதல் நள்ளிரவு கடந்து அரை மணிவரை அவருக்கு ஓர் ஆழ்ந்த இறையனுபவம் வாய்த்தது. நாளையும் நேரத்தையும் சோதனைக் குறிப்பு எழுதும் அறிவியலாரைப் போலவே ஒரு தாளில் குறித்தார். மெய்யியலார் வாதித்துக் காணும் கடவுளை விட்டு, முன்னோர்க்கு முகம் காட்டிய உயிருள்ள கடவுளைத் தாம் கண்டுகொண்டதாக அதில் எழுதினார். எவரிடமும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. தாளைத் தோற்சுருளோடு சேர்த்துச் சட்டையின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டார். சட்டை மாற்றும்போதெல்லாம் பிரித்து மீண்டும் தைத்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, அவர் இறந்த பிறகே, பணியாளர் ஒருவர் கையில் அது தட்டுப்பட்டது. விளம்பரம் இல்லாத அந்த நம்பிக்கையே அவருடைய எஞ்சிய வாழ்வைத் தாங்கிய தூண்.

மருமகள் பெற்ற நலம்

அதன்பின் பாஸ்கல் போர்ட் ராயல் மடத்துக்கு மிகவும் நெருங்கியவரானார். அம்மடத்தாருக்கும் இயேசு சபையாருக்கும் நடந்த பெரும் வாதத்தில் புனைபெயரில் பதினெட்டுக் கடிதங்கள் எழுதினார். 1656 சனவரி முதல் 1657 மார்ச்சு வரை மறைவாக அச்சாகி வெளிவந்த அவை நாட்டையே கலக்கின. பிரெஞ்சு உரைநடைக்கு அவை ஒரு புதிய வழியையே திறந்தன என்பர் திறனாய்வாளர்.

அந்தப் போரின் நடுவே ஒரு நிகழ்ச்சி. அக்காளின் மகள் மார்கரித் அம்மடத்துப் பள்ளியில் படித்து வந்தாள். வயது பத்து. கண்ணோரத்தில் சீழ் வடியும் புண் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அவளை வாட்டியது. நாற்றத்தால் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து வைக்கவும் இயலாத நிலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது ஒன்றே வழி என்றிருந்தனர் மருத்துவர். 1656 மார்ச்சு 24ஆம் நாள், இயேசுவின் முள்முடியிலிருந்து வந்ததாகப் போற்றப்பட்ட ஒரு முள்ளை அப்புண்ணில் தொடுவித்தார்கள். புண் ஆறிவிட்டது. மருத்துவர்கள் சான்றளித்தனர், திருச்சபை அதைப் புதுமை என்று ஏற்றது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். தம் வீட்டுக் குழந்தை நலம் பெற்றதைப் பாஸ்கல் கண்ணாரக் கண்டார், அதனைக் கடவுளின் செயலென்று முழுமையாக நம்பினார், மகிழ்ச்சியால் நிறைந்தார். ஆனால் அவருடைய நோய் நீங்கவில்லை. அதே மடம், அதே நம்பிக்கை, அதே கடவுள். பிள்ளைக்குக் கிடைத்தது மாமனுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ஏன் இல்லை என்ற வினா எந்த நோயாளியின் நெஞ்சிலும் எழத்தான் செய்யும். நம்பிக்கையற்றவனுக்கு நோய் ஒரு துன்பம். நம்பிக்கையுள்ளவனுக்கோ நோயும் துன்பம், விடை கிடைக்காத வேண்டுதலும் துன்பம். இந்த இரட்டைச் சுமையைப் பாஸ்கல் எவ்வாறு சுமந்தார்?

அவர் வேண்டியது

இதற்கு விடையாக அமைவது, நோயை நன்கு பயன்படுத்த அருள்புரியுமாறு இறைவனை வேண்டி அவர் எழுதிய சிறு நூல். அவர் இறந்தபின் அச்சேறிய அதன் கருத்தை நம் சொற்களில் சுருக்கிச் சொல்லலாம். நலமாக இருந்தபோது அந்த நலத்தைப் பெருமைக்கும் இன்பத்துக்கும் செலவிட்டுவிட்டேன் என்று அவர் முதலில் ஒப்புக்கொள்கிறார். இப்போது நோய் வந்திருக்கிறது. இதையும் முணுமுணுப்பிலும் தன்னிரக்கத்திலும் வீணாக்கிவிடாமல் காக்க வேண்டும் என்கிறார். நலம் நல்லதா, நோய் நல்லதா, நெடுவாழ்வு நல்லதா, சாவு நல்லதா என்று அறியும் ஆற்றல் தமக்கு இல்லையாகையால், இன்னது வேண்டும் என்று கேட்க மறுக்கிறார். தேர்வை இறைவனிடமே விட்டுவிடுகிறார்.

அவர் வலியை விரும்பினார் என்றோ வலியே இல்லாததுபோல் நடித்தார் என்றோ கொள்ளலாகாது. வலி மிகும்போது ஆறுதலும் உடன் வேண்டும் என்று அவர் தெளிவாகவே கேட்கிறார். ஆறுதலின்றி வலியை மட்டும் தாங்க மனிதனால் இயலாது. வலியே இல்லாத நிலை விண்ணுலகத்துக்கு உரியது. இவ்வுலகில் இரண்டும் கலந்தே வரட்டும் என்பது அவர் வேண்டுதல். சிலுவையில் துன்புற்றவரோடு தம் துன்பத்தை இணைத்துக்கொண்டபோது, தனித்துக் கிடக்கும் நோயாளிக்குத் துணை ஒருவர் கிடைத்துவிட்டார்.

பல்வலியும் கணிதமும்

1658இல் ஓர் இரவு கடும் பல்வலியால் பாஸ்கலுக்கு உறக்கம் வரவில்லை. உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் சைக்ளாய்டு என்னும் வளைகோட்டைப் பற்றி மனத்தை ஓட்டினார். ஒன்றன்பின் ஒன்றாகத் தேற்றங்கள் தோன்றின. விடியும்போது வலி பறந்துவிட்டிருந்தது. இதனை வெளியிட்டால் ஆழ்ந்த சமயப் பற்றும் ஆழ்ந்த அறிவும் ஓரிடத்தில் இருக்கக்கூடும் என்பதை உலகம் உணரும் என்று நண்பராகிய கோமகன் ஒருவர் தூண்ட, புனைபெயரில் ஐரோப்பியக் கணித அறிஞர்களுக்கெல்லாம் அதையே ஒரு போட்டியாக அறிவித்தார்.

மறு ஆண்டிலிருந்து தொடர்ந்து வேலை செய்யும் வலு அடியோடு போயிற்று. 1660 ஆகஸ்டில் பெர்மாவுக்கு எழுதிய கடிதம் நெஞ்சை உருக்குவது. பெர்மாவும் அப்போது உடல் நலிந்தவர். இருவர் ஊர்களுக்கும் இடையில் ஓரிடத்தில் சந்திப்போம் என்று அவர் அழைத்திருந்தார். கோலின்றி நடக்க முடியவில்லை, குதிரையேற முடியவில்லை, வண்டியிலும் நாளொன்றுக்கு மூன்று நான்கு காதம் செல்வதே பெரும்பாடு, பாரிசிலிருந்து கிளேர்மான் வந்து சேர இருபத்திரண்டு நாள்கள் ஆயின என்று பாஸ்கல் மறுமொழி விடுத்தார். நிகழ்தகவுக் கணிதத்தின் தந்தையர் இருவரும் கடைசிவரை நேரில் சந்திக்கவே இல்லை.

கிறித்தவ சமயத்தை அறிஞர்க்கு விளக்கும் பெருநூல் ஒன்றை எழுத அவர் திட்டமிட்டிருந்தார். அதற்குப் பத்தாண்டு நலம் தேவை என்று கூறுவாராம். பத்து மாத நலம்கூட அவருக்குக் கிட்டவில்லை. வலி சற்றே தணிந்த வேளைகளில் கையில் கிடைத்த தாளில் தோன்றியதை எழுதினார். எழுத முடியாதபோது சொல்லி எழுதுவித்தார். தாள்களைத் துண்டுதுண்டாக வெட்டிப் பொருள்வாரியாக நூலில் கோத்து வைத்தார். கட்டப்படாத அந்த மாளிகையின் கற்களாகிய எண்ணூறுக்கு மேற்பட்ட குறிப்புகளுள் தேர்ந்தெடுத்தவற்றை நண்பர்கள் 1670இல் வெளியிட்டனர். சிந்தனைகள் என்னும் பெயரால் உலகெங்கும் பரவிய நூல் அதுவே. மனிதனை எளிதில் முறியும் நாணலுக்கு ஒப்பிட்டு, ஆனால் தான் முறிவதைத் தான் அறியும் சிறப்பால் அவன் அண்டத்தினும் மேலானவன் என்று அதில் அவர் நிறுவுகிறார். நாணல் என்ற சொல்லை அவர் ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. தம் உடம்பிலிருந்தே எடுத்தார் எனின் மிகையாகாது.

மிகுதியும் குறையும்

அவருடைய நோன்பில் அளவு மீறியவையும் உண்டு. பெருமை தலைதூக்கும்போது அழுத்திக்கொள்வதற்காக முட்கள் பதித்த இரும்புக் கச்சையை இடுப்பில் அணிந்திருந்தார். உணவின் சுவையைப் புகழ்ந்து பேசினால் பொறுக்கமாட்டார். அக்காள் தம் பிள்ளைகளைக் கொஞ்சுவதைக்கூடக் கண்டிப்பார். தம்பி தம்மிடம் அன்பின்றி நடந்துகொள்வதாக ஜில்பெர்த் பலமுறை கலங்கியிருக்கிறார். எவரும் தம்மீது பற்று வைத்துவிடக் கூடாது, பற்று இறைவனுக்கே உரியது என்று தம்பி எண்ணியதைப் பிற்பாடே அவர் புரிந்துகொண்டார். ஏற்கெனவே நொந்த உடலை மேலும் நோகச் செய்வது இன்றைய நமக்கு உடன்பாடாகாது. அவருடைய நோயைவிட அவருடைய கண்டிப்பே உடனிருந்தோர்க்கு அதிகத் துன்பம் தந்த நாள்களும் இருந்திருக்கும்.

ஆயினும் அவருடைய சமயம் அத்தோடு நின்றிருந்தால் நாம் அவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டோம். நோய் அவரை ஏழைகள்பால் கொண்டு சேர்த்தது.

ஏழைகளின் தோழர்

1661 அக்டோபரில் ஜாக்குலின் மறைந்தார். அவரைப் போல் நல்ல சாவு நமக்கும் கிடைக்கட்டும் என்பதற்கு மேல் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அந்தக் குளிர்காலத்தில் புளுவா வட்டாரத்து ஏழைகள் பசியால் வாடினர். பாஸ்கல் அப்போது நண்பர்களோடு சேர்ந்து ஒரு புதிய தொழிலைத் தொடங்கிக்கொண்டிருந்தார். குறித்த வழியில், குறித்த நேரத்தில், ஐந்து சூ கட்டணத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகள்! 1662 மார்ச்சு 18ஆம் நாள் பாரிசில் முதல் வண்டி ஓடியது. நாம் அன்றாடம் தொற்றிக்கொண்டு வரும் நகரப் பேருந்தின் முன்னோடி அது. அந்தத் தொழிலில் தமக்கு வரவேண்டிய பங்கில் ஆயிரம் பிராங்கை முன்பணமாகப் பெற்று ஏழைகளுக்கு அனுப்பிவிட அவர் துடித்தார். ஒன்றரைக் கல் நடக்க முடியாத மனிதர் ஊர் முழுவதும் எளிதாய்ச் செல்ல வழி வகுத்தார். அதன் ஊதியத்தையும் இல்லாதவர்க்கே எண்ணினார்.

தம் வீட்டிலேயே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு இடம் கொடுத்திருந்தார். ஜூன் மாதத்தில் அக்குடும்பத்துச் சிறுவனுக்குப் பெரியம்மை கண்டது. பாஸ்கலைப் பார்த்துக்கொள்ள நாள்தோறும் வந்த அக்காள் வழியாக அவர் பிள்ளைகளுக்கும் அம்மை தொற்றலாம் என்ற அச்சம் எழுந்தது. சிறுவனை அப்புறப்படுத்துவதே எவரும் செய்யக்கூடியது. பாஸ்கலோ, இடம் மாறுவதால் அவனுக்கு உண்டாகும் கேடு தமக்கு உண்டாவதைவிடப் பெரிது என்று கூறி, சாகும் நிலையில் இருந்த தாமே வெளியேறினார். ஜூன் 29ஆம் நாள் அக்காள் வீட்டுக்குச் சென்ற அவர் தம் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

மூன்றாம் நாள் கடும் வயிற்றுவலி கண்டது. காய்ச்சல் இல்லாததால் அபாயம் இல்லை என்று மருத்துவர்கள் சாதித்தனர். நற்கருணை வேண்டும் என்று அவர் கேட்டபோதும் அவசரமில்லை என்று தள்ளிப்போட்டனர். அப்படியானால் நோயுற்ற ஏழை ஒருவரை இவ்வீட்டுக்குக் கொணர்ந்து, எனக்குச் செய்யும் அதே பணிவிடையை அவருக்கும் செய்யுங்கள் என்று மன்றாடினார். தமக்கு இத்தனை கவனிப்பு இருக்க, தம்மினும் கொடிய நோயில் எத்தனையோ பேர் கவனிப்பாரின்றிக் கிடப்பது அவரை உறுத்தியது. இடம் மாற்றத்தக்க நிலையில் நோயாளி எவரும் இல்லை என்று பங்குக் குரு கூறிவிட்டார். தீராநோயாளர் மருத்துவமனைக்குத் தம்மைக் கொண்டு செல்லும்படி வேண்டினார். ஏழைகள் நடுவே சாக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கும் மருத்துவர்கள் இசையவில்லை.

வாழ்நாளில் நலத்தைக் கேட்காதவர், கடைசியில் கேட்ட இச்சிறு வேண்டுதல்களும் நிறைவேறவில்லை. அதற்காகவும் அவர் எவரையும் நொந்துகொள்ளவில்லை. ஆகஸ்டு 17ஆம் நாள் இரவு வலிப்பு வந்தது. இறந்துவிட்டார் என்றே எண்ணினர். மீண்டும் தெளிவு வர, குருவானவர் நற்கருணையோடு வந்தார். கண்ணீரோடு அதனைப் பெற்றுக்கொண்டார் பாஸ்கல். 1662 ஆகஸ்டு 19ஆம் நாள் பின்னிரவு ஒரு மணியளவில் அவர் உயிர் பிரிந்தது. வயது முப்பத்தொன்பதும் இரண்டு திங்களும்.

முடிவுரை

நோய்நாடி, அதன் முதல்நாடி, அதைத் தணிக்கும் வழிநாட வேண்டும் என்று கற்பித்த வள்ளுவர் வழி வந்தவர்கள் நாம். மருந்தைத் தள்ளச் சொல்வது பாஸ்கல் வரலாற்றின் கருத்தன்று. கசந்த மருந்தையெல்லாம் சொன்னபடி குடித்தவர் அவர். மருந்து எட்டாத இடத்தில் மனிதன் என்ன செய்வது என்பதே அவர் வாழ்வு எழுப்பும் வினா. அவருடைய நம்பிக்கை அவருக்கு நலம் தரவில்லை. வலியைப் பற்றி முறையிடவும் நன்றி கூறவும் ஒருவரைத் தந்தது. பக்கத்து வீட்டு ஏழையின் வலியையும் தம் வலியாக எண்ணும் நெஞ்சைத் தந்தது. இதனைக் கிறித்தவரல்லாதோரும் உணர்ந்து போற்றலாம்.

நண்பர்களே, நம் வகுப்பிலும் இழுப்பு நோயோடு தேர்வெழுதுவோர், நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வருவோர், காரணம் சொல்லாமல் மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்குவோர் இருக்கின்றனர். வருகைப் பதிவேட்டில் அவர்கள் நோய் தெரிவதில்லை. அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் அழுத்தத்தின் அலகை எழுதும்போது, அவ்வளவு அழுத்தத்தையும் தன்னுள் தாங்கிக்கொண்டு பிறர்க்காக வீட்டைவிட்டு வெளியேறிய அந்த மெலிந்த மனிதரை நினைப்போம். படியில் நிற்கும் தோழனின் புத்தகப் பையை ஒரு கணம் வாங்கிக்கொள்வோம்.